கடைமடையில நாலு ஏக்கர், உப்பு ஏறிருச்சு. இறாலுக்கு குத்தகை விடவா, நெல்லுலயே நிக்கவா?

கடைமடை_பையன்:

வணக்கம். ஊரு நாகப்பட்டினம் மாவட்டம் கீழையூர் பக்கம், வெள்ளையாத்து கடைமடை. நான் திருப்பூர்ல வேலைல இருக்கேன், நாலு ஏக்கரையும் அப்பாதான் பாத்துக்குறாரு. எனக்கு நெனவு தெரிஞ்சு எங்களுக்கு சம்பா ஒரு போகம்தான், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி வயல் ஈரத்துலயே உளுந்து தெளிச்சு விட்டுருவோம், சித்திரைல அது கைக்கு வந்தா அதுதான் வீட்டுல கையில நிக்கிற காசு. நெல்லு கடன அடைக்க, உளுந்து மிச்சத்துக்கு.

அந்த உளுந்துதான் மொதல்ல போச்சு. கெழக்கால இருக்குற ஒரு ஏக்கர்ல மொளச்சு ரெண்டு மூணு எல விட்டதும் ஓரமெல்லாம் கருகி நின்னுருச்சு. அப்பா பனின்னாரு, மருந்து அடிச்சாரு. அடுத்த சம்பால அதே ஏக்கர்ல நாத்து நட்டா திட்டு திட்டா காணாம போவுது, நுனி வெள்ளையா காயுது, சித்திரை வெயில்ல போயி பாத்தா வரப்போரம் மாவு தூவின மாதிரி வெள்ளையா பூத்து கெடக்கு. போர் தண்ணியும் முன்ன மாதிரி இல்ல, டீ போட்டா திரிஞ்சு போவுது.

எங்களுக்கு பக்கத்துல ரெண்டு பங்கு ஏற்கனவே இறால் பண்ணைக்கு போயிருச்சு. இப்ப எங்க மாமாவும் மச்சானும் சேந்து அப்பாவ போட்டு நச்சுறாங்க, குத்தகைக்கு விட்டா நெல்லுல வர்றத விட மூணு மடங்கு, கைய கட்டிட்டு உக்காரலாம்னு. அப்பாவுக்கு மனசு இல்ல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. உப்ப தாங்குற நெல்லு ரகம் இருக்குன்னு யூட்யூப்ல பாத்தேன், ஜிப்சம் போட சொல்றாங்க, சிலர் தக்கைப்பூண்டுங்குறாங்க. எத நம்புறது? இந்தப் பக்கம் விவசாயம் பண்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. கடல் மட்டம் ஏறுது, இனிமே இங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஒரு ஆளு அடிச்சு பேசுறாரு, அதுவும் உண்மையான்னு தெரியணும்.

---

வெண்ணாறு_வெள்ளாமை:

தம்பி, நான் திருத்துறைப்பூண்டி பக்கம். உங்க ஊருக்கு நமக்கு ரொம்ப தூரமில்ல, நோவும் ஒண்ணுதான்.

வெதைய பத்தி அப்பறம் பேசுவோம். மொதல்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க, உங்க வயல்ல ஐப்பசி கார்த்திகைல மழ நின்னா தண்ணி எத்தன நாள்ல வடியுது? வடியாத வயல்ல எந்த ரகத்த போட்டும் பிரயோஜனம் இல்ல. இத எல்லாரும் கடைசில பேசுறாங்க, நான் மொதல்ல பேசுறேன், ஏன்னா உப்பு வெளிய போவணும்னா அதுக்கு ஒரே வண்டி தண்ணிதான், நல்ல தண்ணி மேலேர்ந்து எறங்கி, மண்ண கழுவி, வாய்க்கா வழியா வெளிய போவணும், போறதுக்கு வழி இல்லன்னா கழுவுன உப்பு அங்கயே நின்னு வெயில்ல மறுபடி மேல வந்து பூக்கும். 2004 சுனாமில நம்ம மாவட்டத்துல எவ்வளவு வயலுக்குள்ள கடத்தண்ணி ஏறுச்சுன்னு உங்க அப்பாவ கேளுங்க. அப்ப வந்த ஆளுங்க பாதி பேரு இனி பத்து வருஷத்துக்கு புல்லு மொளைக்காதுன்னாங்க. 2005ல வடகிழக்கு பருவமழ செம்மையா பேஞ்சுச்சு, சேத்த வழிச்சு எறிஞ்சு வாய்க்கால வெட்டி விட்ட எடத்துல எல்லாம் ரெண்டாவது சம்பால நெல்லு நின்னுச்சு. வாய்க்கா வெட்டாத எடம் மட்டும் நாறிகிட்டே கெடந்துச்சு.

இப்ப ரகம். உப்பு தாங்க பழைய நெல்லுல குழியடிச்சான், களர்ப்பாளை ரெண்டும் கடலோரத்துல போட்டு பழகுனது. கெடைக்கும், நெல் ஜெயராமன் ஆரம்பிச்சு வச்ச நெல் திருவிழா எங்க ஊர்ல இன்னும் நடக்குது, அங்க போனா ரெண்டு கிலோ வெத குடுப்பாங்க, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பி குடுக்கணும். வெளைச்சல் கொறச்சல்தான், அத மறைக்க மாட்டேன், ஆனா வைக்கோல் ஏராளம், மாடு வச்சிருந்தா அதுவே ஒரு காசு. புது ரகத்துல திருச்சி வேளாண் கல்லூரி விட்ட டிஆர்ஒய் 3 இருக்கு, 135 நாள், சம்பாவுக்கு தோதானது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, கடக்காரன் சிஆர் 1009 சப் 1 எடுத்துக்க, எல்லாத்தையும் தாங்கும்னு தலைல கட்டுவான். அது வெள்ளத்துக்கு தாங்குறது, ரெண்டு வாரம் முழுகி கெடந்தாலும் எந்திரிக்கும், உப்புக்கு அதுக்கும் சம்பந்தமில்ல.

இன்னொன்னு, நாத்து விட்டு நடுறது எங்க பக்கம் பாதி பேரு விட்டாச்சு. ஆவணில புழுதி வெதப்பு, அதாவது காஞ்ச மண்ணுலயே நேரா வெதைக்கிறது, மேட்டூர்ல தண்ணி வருதோ இல்லயோ மழயிலயே மொளைக்கட்டும்னு. மேட்டூர நம்பி நாத்து விட்டு, 2024ல வழக்கமான ஜூன் 12 போயி ஜூலை 28ல தெறந்தான், அதுவும் கடைமடைக்கு வந்து சேர எத்தன நாளு. ஆனா உப்பு வயல்ல புழுதி வெதப்பு ஒரு சூதாட்டம், மொள வர்ற நேரத்துல மழ ஏமாத்துனா மேல இருக்குற உப்பு பூரா அந்த மொள தலையிலதான் எறங்கும்.

வெள்ளாமைக்கு கடைசில வர்ற மழ வேற. 2021 ஜனவரி, 2023 பிப்ரவரி, ரெண்டு தடவையும் அறுக்குற நேரத்துல பேஞ்சு சாஞ்ச கதிர்லயே மொள விட்டுருச்சு, அரசாங்கம் ஹெக்டேருக்கு 20,000 குடுத்துச்சு, செலவுல பாதிக்கு கூட வரல. தை மாசத்துல மழ பேயிறத எங்க அப்பன் காலத்துல சாபம்பாங்க, இப்ப அது ஒரு சீசன் மாதிரி ஆயிருச்சு. அதனால 155 நாள் ரகத்த விட்டுட்டு 135க்கு எறங்கி பொங்கலுக்கு முன்னாடி அறுத்துறணும்னு நாங்க பாக்குறோம். இன்சூரன்ஸ் கட்டிருங்க, நவம்பர் 15 வரைக்கும் இழுத்தடிக்காம. காப்பீட்டுத் தொகைல ஒன்றரை சதவீதம்தான் நம்ம பங்கு.

---

கடைமடை_பையன்:

அண்ணே ரொம்ப நன்றி. தண்ணி வடிய ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. எங்க வாய்க்கா போயி சேர்ற எடத்துல ஒரு சட்ரஸ் (தண்ணிய அடைக்க, தெறக்க பலகை வச்ச மதகு) இருக்கு, பலகை துருப்புடிச்சு பாதில நிக்குது, எறங்கவும் எறங்காது ஏறவும் ஏறாது. கோடைல அது வழியாதான் கடத்தண்ணி உள்ள வருதுன்னு அப்பா சொல்றாரு. மனு குடுத்து குடுத்து ஓஞ்சுட்டாங்க.

மண்ணு பரிசோதனைக்கு போன மாசம் குடுத்தோம், கெழக்கு ஏக்கருக்கு ஈசி (கரையிற உப்போட அளவு) 6.2, பிஎச் 8.1னு வந்திருக்கு. மீதி மூணு ஏக்கர்ல ஈசி 2க்கும் 3க்கும் நடுவுல. ஜிப்சம் எத்தன மூட்டை போடணும்?

---

மண்ணும்_நீரும்:

ஜிப்சம் போடாதீங்க. காசு வேஸ்ட்.

நான் வேளாண்மை படிச்சவன், மண்ணுதான் என் பாடம், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. நெலம் கெடுறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு உவர், கரையிற உப்பு அதிகமா இருக்குறது, ஈசி 4ஐ தாண்டும், பிஎச் 8.5க்கு கீழயே இருக்கும், மேல வெள்ளையா பூக்கும். உங்களுது இதுதான். இன்னொன்னு களர், அதுல சோடியம் மண்ணோட ஒட்டிகிட்டு இருக்கும், பிஎச் 8.5ஐ தாண்டிரும், மண்ணு ஈரத்துல களியா கொழையும், காஞ்சா பாறை, தண்ணி உள்ள எறங்கவே எறங்காது. ஜிப்சம் வேலை செய்யிறது ரெண்டாவதுல, அதுல இருக்குற கால்சியம் போயி சோடியத்த பிரிச்சு விடும், அப்பறம் தண்ணி விட்டு கழுவணும். உவர் நெலத்துல பிரிச்சு விட ஒண்ணும் இல்ல, உப்பு ஏற்கனவே கரைஞ்சுதான் இருக்கு, கழுவுனா போதும். மேல சொன்ன அண்ணன் அனுபவத்துல சொன்னதுதான் புஸ்தகத்துலயும் இருக்கு. ஒரு அடி ஆழத்துக்கு மண்ண கழுவ ஒரு அடி நல்ல தண்ணி எறங்கி வெளிய போனா உப்புல சுமார் 80 சதவீதம் போயிரும்பாங்க. நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல மழ, அதுல பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைலயே கொட்டிருது. கழுவுறதுக்கு தண்ணி பஞ்சம் இல்ல. போறதுக்கு வழிதான் பஞ்சம்.

உங்க உளுந்து ஏன் மொதல்ல போச்சுன்னா உளுந்து உப்ப தாங்கவே தாங்காது, நெல்ல விட மோசம். ஒரு வகைல அது உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிருச்சு. நெல்லுக்கு மண் சாறுல ஈசி 3 வரைக்கும் பிரச்சனை இல்ல, அதுக்கு மேல போகப்போக வெளைச்சல் கொறையும். அதுலயும் ரெண்டு கட்டம் ரொம்ப மோசம், மூணு எல விடுற பருவம், பூக்குற பருவம். நடுவுல தூர் கட்டுற சமயத்துல ஓரளவுக்கு தாங்கிரும். அதனால கெழக்கு ஏக்கருக்கு நேரடி வெதப்பு வேண்டாம். நல்ல தண்ணி இருக்குற மேட்டுல நாத்து விட்டு, 30, 35 நாள் ஆன முத்துன நாத்தா, குத்துக்கு நாலஞ்சு வச்சு, நெருக்கி நடுங்க. நடுறதுக்கு முன்னாடி மழத்தண்ணிய நிறுத்தி, சேறு கலக்கி, ஒரு நாள் விட்டு வடிச்சு விடுங்க, இத ரெண்டு தடவ பண்ணுங்க. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ வெதச்சு பூ வைக்கிற பருவத்துல மடக்கி உழுதா நல்லது, அது ஓரளவு உப்புலயும் வளரும், மண்ண பொலபொலன்னு ஆக்கும், தண்ணி எறங்கும்.

அப்பறம் அந்த போர். தயவு செஞ்சு அத கோடைல ஓட்டாதீங்க. கடலோரத்துல நல்ல தண்ணி கடத்தண்ணிக்கு மேல மெதந்துகிட்டு இருக்கு, எடை கம்மி அதுக்கு. கணக்குப்படி மேல நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி எறங்குனா கீழேர்ந்து உப்புத்தண்ணி நாப்பது அடி ஏறி வரும். ஊரே ஏழரை எச்பி மோட்டர் போட்டு இழுத்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. வேதாரண்யம் மணல் பக்கம் பெருசுங்க ஆழம் இல்லாத குட்டை தோண்டி, கொடத்துல மொண்டு ஊத்தி பூவும் காயும் வெளைச்சதுல ஒரு அறிவு இருந்துச்சு, மேலாப்புல இருக்குற தண்ணிய மட்டும் எடுத்தாங்க.

கடல் மட்டம் பத்தி கேட்டீங்க. உண்மைதான், 1993லேர்ந்து வட இந்தியப் பெருங்கடல்ல வருஷத்துக்கு சுமாரா 3.3 மில்லிமீட்டர் ஏறுது. ஆனா உங்க கெழக்கு ஏக்கர இன்னிக்கு கெடுத்தது அந்த மூணு மில்லிமீட்டர் இல்ல. பலகை எறங்காத சட்ரஸ், போர், ஆத்துல வர்ற தண்ணி கொறஞ்சது, பக்கத்து இறால் குளத்து கசிவு, இதெல்லாம்தான். கடல் ஏறுறது இது எல்லாத்தையும் வருஷா வருஷம் இன்னும் மோசமாக்கிகிட்டு வருது. ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்ற ஆளுக்கு குத்தகைல கமிஷன் இருக்கான்னு விசாரிங்க.

வசதி இருந்தா ஒரு யோசனை. மேற்கு வங்கத்துல கேனிங்ல மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தோட கிளை இருக்கு, அவங்க சுந்தரவனத்து விவசாயிங்களுக்கு சொல்லிக் குடுத்தது. நெலத்துல அஞ்சுல ஒரு பங்க குளமா தோண்டி, அந்த மண்ண மீதி நெலத்துல போட்டு ஒசத்துறது. குளத்துல மழத்தண்ணி, மேட்டுல காய்கறி, நடுவுல நெல்லு, குளத்துல கெண்டை. உங்க கெழக்கு ஏக்கர அப்படி ஆக்கலாம். பண்ணைக்குட்டைக்கு மானியம் இருக்கு, வட்டார வேளாண் ஆபீஸ்ல கேளுங்க, சிக்கல்ல இருக்குற வேளாண் அறிவியல் நிலையத்துலயும் (கேவிகே) ஒரு தடவ காட்டுங்க.

---

செருதூர்_கடல்:

விவசாயிங்க பேசுற எடத்துல மீனவன் வர்றேன்னு நெனைக்காதீங்க. வெள்ளையாறு கடல்ல சேர்ற எடம் எங்க ஊரு. நீங்க சொல்ற அந்த தண்ணி வடியாத கதையோட மறுபாதி எங்ககிட்ட இருக்கு.

முகத்துவாரம் மணல் மூடி கெடக்கு. ஆத்துல வெள்ளம் வந்தாதான் அது தானா அடிச்சு தெறக்கும், இப்ப ஆத்துல தண்ணியே கார்த்திகைல பத்து நாள்தான். ஃபைபர் படக உள்ள கொண்டார முடியாம அலைல கவுந்து எஞ்சின் போனவங்க இருக்காங்க. அதனால நாங்க வருஷா வருஷம் முகத்துவாரத்த தூர் வாருன்னு மறியல் பண்றோம். நீங்க என்ன கேக்குறீங்க, மழைல தெற, கோடைல மூடுன்னு. ஆழமா வாரி விட்டா எங்களுக்கு போட் வரும், உங்களுக்கு வெள்ளம் வடியும், ஆனா சித்திரைல உப்பு இன்னும் உள்ள வரும். இத ஒரு தடவ கூட ரெண்டு ஊரும் ஒக்காந்து பேசுனது இல்ல. நாங்க மீன்வள ஆபீஸுக்கு போவோம், நீங்க பாசன ஆபீஸுக்கு போவீங்க, ரெண்டு பேரும் வெறுங்கையோட திரும்புவோம். எங்க பெரிய பஞ்சாயத்துல நான் சொன்னேன், விவசாயிங்கள கூப்புடுவோம்னு, சிரிச்சாங்க.

கடலும் பழைய கடல் இல்ல. கச்சான் காத்து அடிக்க வேண்டிய மாசத்துல காத்து செத்து கெடக்கு, வாடக்காத்து எப்ப ஆரம்பிக்கும்னு எங்க அப்பா வானத்த பாத்து சொல்லுவாரு, இப்ப அவரே போன்ல பாக்குறாரு. மத்தி முன்ன மலையாளத்துக்காரன் மீனு, எங்க வலைல அள்ளிகிட்டு வர ஆரம்பிச்சு ரொம்ப வருஷமாச்சு, நம்ம சனம் அத மதிக்கல, கேரளாவுக்கும் மீன்மாவுக்கும் லாரி ஏறுச்சு. இந்த வருஷம் கெடைக்கிறது அடுத்த வருஷம் இல்ல, அதான் இப்ப நெலம. விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, அது போக புயல் எச்சரிக்கை, காத்து எச்சரிக்கைன்னு கடலுக்கு போவ டோக்கன் குடுக்காத நாளு எங்களுக்கும் சேந்துதான். ஒக்கி வந்த 2017ல சொல்லாம விட்டாங்கன்னு இப்ப எல்லாத்துக்கும் சொல்றாங்க. சொல்லட்டும், உசுருதான் முக்கியம், ஆனா போகாத நாளுக்கு அடுப்பெரிய வழிய சொல்லணும்ல.

அப்பறம் கரைய காக்குறேன்னு கல்லு கொட்டுறது. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல்லு சுவரு, ஒண்ணு போட்டா நம்ம கெழக்கு கரைல மணலு தெக்கேர்ந்து வடக்க ஓடுறதால தெக்கால மணல் சேரும், வடக்கால ஊரு அரிக்கும், அவன் அவனுக்கு ஒரு வளைவு கேப்பான், இப்படியே வடக்க வடக்க போயிகிட்டே இருக்கு. புதுச்சேரி துறைமுகம் கட்டுனப்பறம் அதுக்கு வடக்க இருந்த ஊருங்க பட்ட பாட பாத்துமா புத்தி வரல. நம்ம கரைக்கு தெய்வம் மாதிரி இருந்தது மணல்மேடு, அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடிச்சு வச்சிருந்த மேடு. சுனாமில மேடு ஒடையாத எடத்துல உள்ள அடி கம்மி. அத சமமாக்கி ரோடும் பங்களாவும் ரிசார்ட்டும் போட்டுட்டு சவுக்க நட்டா, கஜாவுல 2018 நவம்பர்ல அந்த சவுக்கு வரிசையா படுத்து கெடந்துச்சு. புஷ்பவனம் பக்கம் கடலு சேத்த கொண்டாந்து கரையில கொட்டிச்சு, இடுப்பளவு, படக எறக்க முடியாம எத்தன நாளு கெடந்தாங்க.

முத்துப்பேட்டைல அலையாத்தி காடு இருக்கு, அது அலைய உடைக்குது, மீன் குஞ்சுக்கும் நண்டுக்கும் தொட்டில். மீன்முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டி கடத்தண்ணி உள்ள போயி வர்ற மாதிரி பண்ணி அலையாத்திக் கன்னு நட்டாங்க, வந்திருக்கு. உங்க ஊரு கழிமுக ஓரத்துல புறம்போக்கு சும்மாதான் கெடக்கும், அங்க கேளுங்க. உலக வங்கி பணத்துல நெய்தல் மீட்சி இயக்கம்னு ஒண்ணு இப்ப ஓடுது, அதுல இதெல்லாம் வருது.

இறாலுக்கு மட்டும் விடாதீங்க தம்பி. அவன் வெளியேத்துற தண்ணி வர்றது எங்க முகத்துவாரத்துக்குத்தான்.

---

குளத்துல_வேல_பாத்தவன்:

இறால் பண்ணைல சில வருஷம் வேல பாத்தவன். எல்லா பண்ணைக்காரனும் கெட்டவன் இல்ல, கடனும் நோயுமா அவனும் சாவுறான். ஆனா உங்க மாமா சொல்லாதத நான் சொல்றேன்.

நெலத்த நாலு அடி வெட்டி கரை போடுவான். மேல் மண்ணு பூரா கரைக்கு போயிரும், உங்க தாத்தா காலத்து எரு போட்ட மண்ணு. உள்ள பாதி கடத்தண்ணி அளவுக்கு உப்பு, வருஷம் பூரா நிக்கும், பக்கவாட்டுல கசியும். உங்க கெழக்கு ஏக்கர் பக்கத்து குளத்த ஒட்டி இருக்கான்னு பாருங்க, அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கும். வெள்ளைப்புள்ளி நோய் வந்துச்சுன்னா ஒரே வாரத்துல குளம் காலி. 2025ல அமெரிக்காக்காரன் வரிய 50 சதவீதம் ஆக்குனப்ப வெலை விழுந்து எத்தன பேரு குளத்த அப்படியே போட்டுட்டு போனாங்க. குத்தகை பணம் ரெண்டாவது வருஷத்துலேர்ந்து இழுக்கும். கடைசில உங்க கைக்கு வர்றது ஒரு உப்புக் குழி, அத மூடவே நீங்க வாங்குன குத்தகை பத்தாது.

சட்டமும் இருக்கு. நம்ம மாவட்டத்துலதான ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாளும் போராடுனது, 1996 டிசம்பர் 11ல சுப்ரீம் கோர்ட்டு வெவசாய நெலத்த இறால் குளமா மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அப்பறம் 2005ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம்னு ஒண்ணு போட்டு பதிவு பண்ணிகிட்டு நடத்தலாம்னாங்க, ஆனா நல்ல வெவசாய நெலத்துக்கு அதுலயும் அனுமதி இல்ல. பக்கத்து குளம் ரெண்டும் பதிவு ஆயிருக்கான்னு தகவல் உரிமைல கேளுங்க, பாதி பிரச்சனை அங்கயே தெரியும்.

யாராச்சும் பொக்காளின்னு ஆரம்பிப்பீங்க, நானே சொல்லிடுறேன். கேரளால எர்ணாகுளம் பக்கம் ஜூன்லேர்ந்து நெல்லு, நவம்பர்லேர்ந்து இறால், ஒரே வயல்ல, மருந்து தீவனம் கொட்டாம. அருமையான முறை. ஆனா அங்க ஜூன் மழ உப்ப கழுவி குடுத்துருது, தண்ணி வரப்போக மதகு இருக்கு, வயல் பூரா ஒரே முடிவுல நடக்குது. நம்ம பக்கம் பருவமே தலைகீழ், ஒத்த ஆளா நாலு ஏக்கர்ல அத செய்யப் போனா சுத்தி இருக்குறவன் வயலயும் சேத்து கெடுத்துருவீங்க.

---

வடமராட்சியான்:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் ஆறே இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியைத்தான் கிணத்தில அள்ளுறம். தொண்டைமானாத்தில கடல் தண்ணி உள்ள வராமல் 1950களிலேயே தடுப்பணை கட்டினவை. பலகையள் உக்கி ஓட்டை விழுந்து கன வருசம் ஆரும் பாக்கேல்லை, போர்க்காலம் வேற. அந்த நேரம் சுத்தி இருந்த வயலெல்லாம் பயிர் செய்யேலாத உவர்த் தரவையாப் போச்சு. பிறகு திருத்தினவை. நீங்கள் சட்ரஸ் எண்டு சொல்லுறது அதுதான் எண்டு நினைக்கிறன். அண்ணை, அணை கட்டுறதுக்கு காசு வரும், பலகையை ஏத்தி இறக்க ஒரு ஆளுக்கு சம்பளம் குடுக்கத்தான் ஒருத்தரும் இல்லை. அதை முதல்ல பாருங்கோ.

---

வெண்ணாறு_வெள்ளாமை:

யாழ்ப்பாணத்து தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நம்ம பக்கமே ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல வெண்ணாறு வடிநிலத்துல அடப்பாறு, அரிச்சந்திரா நதி, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய்னு எடுத்து கரைய ஒசத்தி, கடைசில இருக்குற சட்ரஸ் எல்லாம் புதுசு பண்ணாங்க. பேரே பருவநிலை மாற்றத்துக்கு தகவமைக்கிற திட்டம்னுதான். நல்ல வேலைதான், நான் கொறை சொல்லல. பெரிய ஆறு சரியாயிருக்கு. உங்க மாதிரி கிளை வாய்க்கா கடைசில நிக்கிற சின்ன பலகை எந்தக் கணக்குலயும் வராது, அதுக்கு உங்க ஊர்ப் பாசனதாரர்தான் வரிஞ்சு கட்டணும். எங்க ஊர்ல ஏக்கருக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி ஒரு பெரியவருக்கு குடுக்குறோம், அமாவாச பௌர்ணமி ஏத்தத்துக்கு எறக்குவாரு, வத்துன ஒடனே ஏத்துவாரு. அவருகிட்ட உம்பளச்சேரி மாடு ரெண்டு இருக்கு, அது மேயிற எடமே சட்ரஸ் ஓரம், அதனால ஆளு எப்பவும் அங்கதான்.

---

கடைமடை_பையன்:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு இத பூரா படிச்சு காட்டுனேன். கெழக்கு ஏக்கர் பக்கத்து குளத்து கரைய ஒட்டிதான் இருக்கு, அத இதுவரைக்கும் யாரும் சேத்து யோசிக்கல. குத்தகை பேச்ச நிறுத்தியாச்சு, மாமா கோவத்துல இருக்காரு. கரையோரம் ஒரு வடிகா ஆழமா வெட்டி கசிவ பிரிச்சு விடலாம்னு அப்பா சொல்றாரு, அது சரியா வருமா? கெழக்கு ஏக்கர்ல இந்த வருஷம் தக்கைப்பூண்டு, அப்பறம் முத்துன நாத்து டிஆர்ஒய் 3. மூணு ஏக்கர்ல வழக்கம் போல.

செருதூர் அண்ணே, எங்க ஊர்ல வாய்க்கா ஆளுங்க ஒரு பதினஞ்சு பேரு வர்றேங்குறாங்க. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு சேந்து மனு குடுக்கலாமா?

---

மண்ணும்_நீரும்:

வடிகால் சரியா வரும், உங்க வயல் மட்டத்த விட ரெண்டு, ரெண்டரை அடி ஆழம் வேணும், இல்லன்னா கசிவு அதுக்கு கீழ வந்துரும். ஆனா அத கொண்டு போயி அந்த ஒடைஞ்ச சட்ரஸ்லதான சேப்பீங்க. பலகை மொதல்ல. அறுப்பு முடிஞ்சதும் ஈசி மறுபடி பாருங்க, அதே எடத்துல, அதே ஆழத்துல மண்ணு எடுத்து.

---

செருதூர்_கடல்:

குடுக்கலாம். ஆனா வெள்ளிக்கெழம மனு வேணாம், அன்னிக்கு எங்க சனம் கடலுக்கு போவாது, ஊர்க்கூட்டம் இருக்கும், அதுல வந்து பேசிட்டு அப்பறம் மனு. தூர் வார்றது கார்த்திகைக்கு முன்னாடி, பலகை எறக்குறது தைக்கு அப்பறம், இந்த ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதுவோம். வர்றப்ப உங்க அப்பாவ கூட்டிட்டு வாங்க, எங்க பெருசுங்க சின்னப் பசங்க பேச்ச கேக்க மாட்டாங்க.